படிக்கட்டுக்கும் சுரைக்காய்த் தூண்

அச்சைப் பிரிக்கும்போது யாரும் தும்மக் கூடாது என்றார் காதர் பாய்.

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு முற்றம். அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு மாசி மாதம். வேப்பமரத்தடியில், ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்த மர அச்சைச் சுற்றி அப்பா, அம்மா, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தோம். நின்றிருந்தோம் என்று எழுதியது தவறு. நான் மட்டும் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

காதர் பாய் ஆப்புகளை ஒவ்வொன்றாக உருவினார். அச்சின் பக்கவாட்டில் கட்டையால் லேசாகத் தட்டினார். பலாப்பழம் பிளப்பதைப் போல அச்சு இரண்டாகப் பிரிந்தது. பழைய இன்ஜின் ஆயில் வாசனையும் பச்சை சிமெண்ட் வாசனையும் சேர்ந்து வந்தன.

உள்ளே ஒரு குட்டைத் தூண். கீழே சதுரப் பீடம், அதன்மேல் ஒரு வளையம், அப்புறம் உருண்ட தொப்பை. தொப்பை மேலே போகப் போக மெலிந்து கழுத்தாகி, இன்னொரு வளையத்தில் முடிந்தது. என் இடுப்பு உயரம்கூட இருக்காது.

அப்பா குந்தி உட்கார்ந்து அந்தத் தொப்பையைத் தடவினார்.

"பெங்களூருல பாத்த மாதிரியே இருக்குதே பாய்!"

"அதவிட நல்லா வந்திருக்குதுங்க கவுண்டரே. அங்க கழுத்து கொஞ்சம் தடிமனா இருக்கும். இது பாருங்க, எப்பிடி எறங்குதுன்னு."

அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "எனக்கென்னமோ சுரைக்காயாட்டம் இருக்குது."

காதர் பாயின் முகம் விழுந்துவிட்டது. "அக்கா, இதுக்குப் பலஸ்டர்னு பேருங்க" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கே அது சுரைக்காய்த் தூண்தான்.

மழைக்கு ஒதுங்கிய இடம்

டெலிபோன் எக்சேஞ்சில் என் முதல் நாளைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அந்தக் காலை வைத்துக்கொண்டு உங்களை எப்படி வீட்டில் வேலைக்கு அனுப்பினார்கள்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்தத் தூண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. தேங்காய் வியாபாரமாக ஒருமுறை பெங்களூர் போனவர், மழைக்கு ஒரு பங்களாவின் எதிரே மரத்தடியில் ஒதுங்கினார். அந்த பங்களாவின் மாடி முகப்பில் இந்தக் குட்டைத் தூண்கள் வரிசையாக நின்றனவாம். மழைத் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி, தொப்பையைச் சுற்றி வழிந்ததாம். மழை விட்ட பிறகும் அப்பா அங்கேயே நின்று பார்த்திருக்கிறார். ஊர் திரும்பியதும் தேங்காய் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்போது எங்கள் ஊரில் மாடி வைத்த வீடுகளே குறைவு. இருந்தவற்றிலும் மொட்டை மாடியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர் இருக்கும். மிளகாய் காயப் போட அது போதும். மாடிப்படி வீட்டுக்கு வெளியே, ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் வெறும் காற்றுமாக ஏறும்.

தருமபுரி தனி மாவட்டமான புதிது வேறு. ஜீப்பில் அதிகாரிகள் எங்கள் ஊர் வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஜீப் போகும்போது அதில் இருப்பவர் தலையைத் திருப்பிப் பார்க்கும்படி ஒரு வீடு கட்ட வேண்டும். அப்பாவின் ஆசை அவ்வளவுதான். அதற்காகத் தருமபுரியிலிருந்து காதர் பாயை அழைத்து வந்தார்.

காதர் பாய் இளவயதில் பெங்களூரில் தொழில் கற்றவர். முப்பது வயது இருக்கும். வேலை செய்யும்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார், அதில் சிமெண்ட் படாமல் வேலை செய்வது அவருக்கு ஒரு கௌரவம். ஒவ்வொரு தூணையும் அச்சிலிருந்து எடுத்ததும் நாலு அடி பின்னால் போய், கண்ணை இடுக்கிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் உடைத்துவிடுவார். அப்பா பதறுவார். "யாரு பாய் கிட்ட வந்து பாக்கப் போறாங்க?" என்பார்.

"நான் பாத்துட்டேனேங்க" என்பார் பாய்.

என் பங்குக்கு ஒரு அறை

எனக்கு நடை பழகிய கொஞ்ச நாளிலேயே ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது இடது காலின் பலத்தையும் கொண்டு போய்விட்டது. இளம்பிள்ளை வாதம் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, வேண்டாத சாமி இல்லை. கடைசியில் இடது தொடையைக் கையால் ஊன்றி ஊன்றி நடக்கப் பழகிக்கொண்டேன். அப்பா சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டு, எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். பாஸும் செய்தேன். அதற்குப் பிறகு வீடுதான்.

புது வீட்டில் எனக்கென்று கீழே தனி அறை கட்டினார் அப்பா. வாசற்படி இல்லாமல், வழுக்காத தரை போட்டு, சன்னலைத் தாழ்வாக வைத்து. என் மேல் அவருக்கு இருந்த பிரியத்தை அந்த அறையின் ஒவ்வொரு மூலையிலும் பார்க்கலாம்.

ஆனால் எனக்கு மாடிக்குப் போக வேண்டும்.

தூண்கள் எல்லாம் மாடி முகப்புக்கு மட்டும்தான். முற்றத்திலிருந்து மாடிக்கு ஏறும் படிக்கட்டு, ஊர் வழக்கப்படி ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. சுவர் இருந்தது இடப்பக்கம். என் இடது கை எப்போதும் தொடையில் ஊன்றியிருக்கும். நான் பிடித்து ஏற வேண்டியது வலப்பக்கத்தில்.

அப்பாவிடம் கேட்டேன்.

"படிக்கும் தூணு வெக்கலாமாப்பா?"

"படிக்கெதுக்கு கண்ணு? ரோட்டுல போறவங்க அதையா பாக்கப் போறாங்க?"

"நான் ஏறலாமில்ல."

அப்பா சிரித்தார். கோபமில்லை, கிண்டலுமில்லை. "நீ எதுக்கு ஏறணும்? உனக்கு ஏற வேணாம்னுதான கீழ ரூம்பு கட்டியிருக்கறேன். மாடிய ஒரு நாளைக்கு நானே தூக்கிட்டுப் போயிக் காட்டறேன், போ."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

பாதி மீசை

மறுநாள் அப்பா தோப்புக்குப் போனதும் காதர் பாயிடம் கேட்டேன். அவர் மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"பாய், படிக்கட்டுக்கும் இதே தூணு வெக்க முடியுங்களா?"

"முடியும். ஆனா படிக்கட்டுல எவன் பாப்பான் தங்கச்சி? அதுவும் சாய்வா வரும், ஒவ்வொண்ணுக்கும் பீடத்த வேற மாதிரி வெட்டணும். பாக்க ஆளில்லாத எடத்துல வேல செய்யறது எனக்குப் புடிக்காது."

"பாக்க மாட்டாங்க. நான் புடிச்சுக்குவேன்."

சல்லடை நின்றது. அவர் என் காலை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதுவரை, நல்ல மனிதர்கள் செய்வதுபோல, பார்க்காத மாதிரியே இருந்திருக்கிறார்.

"மாடி முகப்புல வெக்கறத யாரும் தொடக்கூட மாட்டாங்க" என்றார், பாதி தனக்குத்தானே. பிறகு ஈரக் களிமண்ணை உருட்டி, ஒரு பலகையில் நீளமாக வைத்து என்னிடம் நீட்டினார். "இதப் புடி. பலமாப் புடி. நீ ஏறும்போது எப்பிடிப் புடிப்பியோ அப்பிடி."

பிடித்தேன். என் விரல்கள் களிமண்ணில் பதிந்தன. அதைக் கலைக்காமல் எடுத்துப் போய் நிழலில் வைத்தார்.

அப்பா வந்ததும் காதர் பாய் என் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டை விட்டுத் தூரப் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, கண்ணை இடுக்கி, உச்சுக் கொட்டினார்.

"என்ன பாய்?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லீங்க கவுண்டரே. முகப்பு அருமையா வருது. ஆனா பக்கத்துல படி மொட்டையா நிக்குது பாருங்க. பாதி மீச வெச்சுட்டு பாதியச் செரைச்ச மாதிரி."

அப்பாவுக்குப் பெரிய மீசை. அவர் கை தானாக அதற்குப் போனது.

"பெங்களூருல படிக்கும் வெச்சிருந்தாங்களா?"

"படியிலதாங்க மொதல்ல வெப்பாங்க."

படிக்கட்டுக்கும் தூண் வைக்கும்படி அன்றே அப்பா சொல்லிவிட்டார்.

தூண்களின் தலையில் ஓடும் கைப்பிடியைக் காதர் பாய் மாடியில் அகலமாகவும் படிக்கட்டில் ஒடுக்கமாகவும் வார்த்தார். அதன் அடிப்புறத்தில், விரல் நுனி உட்காருகிற இடத்தில், ஒரு பள்ளம் ஓடும். சிவப்பு ஆக்சைடு பூசி, ஈரச் சாக்கால் தேய்த்துத் தேய்த்து, கன்றுக்குட்டியின் கழுத்தைப் போல வழுவழுப்பாக்கினார். படிக்கட்டுக் கைப்பிடி ஏன் மெலிந்திருக்கிறது என்று அப்பா கேட்டதற்கு, "அதாங்க ஃபேஷன்" என்று சொல்லிவிட்டார்.

சினிமா வீட்டு மாடிப்படி

அந்தக் காலத்து சினிமாவில் பணக்காரர் வீடு என்றால் கூடத்திலிருந்து வளைந்து ஏறும் ஒரு மாடிப்படி இருக்கும். அதில் இந்தக் குட்டைத் தூண்கள் பளபளக்கும். கதாநாயகி அதில் ஓடி இறங்குவாள், ஒரு கை மட்டும் கைப்பிடியில் பட்டும் படாமலும் வரும். டெண்டு கொட்டகையில் மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அந்தக் கையைப் பார்ப்பேன். தேவையே இல்லாத ஒருத்திக்கு இவ்வளவு நல்ல கைப்பிடியா என்று பொறாமையாக இருக்கும்.

இப்போதும் எங்கே போனாலும் என் கண் முதலில் அதற்குத்தான் போகும். பாலத்துக் கைப்பிடி, கல்யாண மண்டபத்து மாடி, ஒகேனக்கல்லில் அருவி பார்க்க நிற்கும் இடம். தொப்பை பெருத்தது, கழுத்து நீண்டது, அழகுக்கு வைத்தது, ஆளுக்கு வைத்தது என்று தரம் பிரித்துக்கொண்டிருப்பேன். கூட வருபவர்கள் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

மேலே

வீட்டில் குடிபுகுந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள், அம்மா மாட்டுக் கொட்டகையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் படியேறப் பழகினேன். மதியத்தில் முடியாது, சிமெண்ட் கொதிக்கும். காலையில் அது குளிர்ந்து, லேசான பனி ஈரத்தோடு இருக்கும். வலக்கையால் கைப்பிடியைப் பிடித்து இழுத்து, வலது காலை மேலே வைத்து, இடது காலைத் தூக்கிச் சேர்க்க வேண்டும். களைத்தால் அப்படியே படியில் உட்கார்ந்து, ஒரு தூணின் கழுத்தைக் கட்டிக்கொள்வேன்.

முதல் நாட்களில் பாதிப் படியோடு சரி. பிறகு ஒரு காலையில், தலைக்கு மேலே சுவரே இல்லை என்று திடீரெனத் தெரிந்தது. மாடிக்கு வந்துவிட்டிருந்தேன்.

சந்தை நாள். ரோட்டில் மாடுகள், கூடைகள், கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். கிருஷ்ணகிரி பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அதன் கூரைமேல் கட்டியிருந்த மூட்டைகளை நான் அதுவரை மேலிருந்து பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டு வேப்பமரத்தின் உச்சி என் கைக்கு எட்டியது. எனக்குத் தெரிந்தவர்களின் உச்சந்தலைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முற்றத்திலிருந்து அம்மாவின் குரல். "அடி பாவி! எப்பிடிடீ போன?"

"ஏறித்தாம்மா வந்தேன்."

அம்மா சாணிக் கையோடு ஓடி வந்தாள். பாதிப் படியில் நின்றாள். திட்டவில்லை. கைப்பிடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "எறங்கும்போது பதனம்" என்று மட்டும் சொல்லிப் போனாள்.

முட்டி வலி

அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ, பெரியப்பா ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். பாலக்கோடு பக்கம், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். என் காலைப் பற்றிக் கேட்டதற்குப் பெரியப்பா, "கால்ல ஒரு சின்ன சுளுக்கு, தைலம் போட்டுட்டு இருக்கறோம்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். அவர்கள் வருவதற்கு முன்பே நான் மாடி முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். முற்றத்தில் இருப்பவர்களுக்குக் கைப்பிடிக்கு மேலே என் முகம் தெரியும், கீழே தூண்களும் புடவையும் மறைத்துவிடும். பெண்கள் மேலே ஏறி வந்து பூ வைத்துப் பேசிவிட்டுப் போவார்கள்.

"நீ எந்திரிக்கவே வேண்டியதில்ல" என்றாள் அம்மா. என் தலையில் பூவைச் செருகியவள், சரியில்லை என்று எடுத்து மறுபடி செருகினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வந்தார்கள். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா. நல்ல ஆகிருதி, முந்தானையால் விசிறிக்கொண்டே வீட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாடி ரொம்ப லட்சணமா இருக்குதுங்க" என்றார்.

அப்பாவுக்குப் பூரிப்பு. அம்மா முந்திக்கொண்டாள். "பொண்ணு மேலதான் இருக்குதுங்க. வாங்க, ஏறிப் போயிப் பாக்கலாம்."

மாப்பிள்ளையின் அம்மா படிக்கட்டைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலைத் தடவினார்.

"எனக்கு முட்டி வலிங்க. படியே ஆவறதில்ல. பொண்ண எறங்கி வரச் சொல்லுங்களேன்."

மேலே இருந்து எனக்கு எல்லாருடைய முகமும் தெரிந்தது. பெரியப்பா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, உள்ளே எதையோ தேடத் தொடங்கினார். அம்மா தூணைப் போல நின்றாள். அப்பா மெல்ல எழுந்தார். ஏறி வந்து என்னைத் தூக்கப் போகிறார் என்று தெரிந்தது.

அது மட்டும் வேண்டாம் என்று இருந்தது எனக்கு. அத்தனை பேர் முன்னால் ஒரு குழந்தையைப் போல அவர் தோளில் இறங்கி வருவதைவிட வேறு எதுவும் தேவலை.

"இருங்கப்பா, நானே வர்றேன்" என்றேன்.

படிக்கட்டு முழுக்க முற்றத்துக்குத் தெரியும். ஏறும்போது கைப்பிடி வலப்பக்கம் என்றால் இறங்கும்போது இடப்பக்கம். அதனால் நான் பின்பக்கமாகத்தான் இறங்குவேன், வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பட்டுப்புடவை வழுக்கியது. கொசுவத்தை இழுத்துச் செருகினேன். இடது கால் வெளியே தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டேன். மெதுவாக, ஒரு தூணுக்கு அடுத்த தூணாக இறங்கினேன். யாரோ காபி டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

கீழே வந்து திரும்பினேன். மூச்சு வாங்கியது.

"எனக்குச் சின்ன வயசுல இளம்பிள்ளை வாதம் வந்துதுங்க. சுளுக்கு இல்லீங்க."

மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்குதா கண்ணு?"

"வலியெல்லாம் இல்லீங்க. மெதுவா வருவேன், அவ்வளவுதான்."

"எனக்கு வலிக்குது" என்றார் அவர். தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி என்னை உட்கார வைத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். "புள்ள மேல ஒரு கொறையும் இல்லீங்க. நீங்க மறைச்சதுதான் எனக்கு ஒப்பல."

காபி குடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். பெஞ்சு போட்ட இடத்தைக் கொஞ்ச நாள் சுற்றிக்கொண்டுதான் நடந்தேன். என் கல்யாணம் பல வருடம் கழித்து, யாரும் பார்க்க வராமல், நானும் அவரும் பேசி முடிவு செய்து நடந்தது.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோபம் என்று நினைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தூண்களின் நிழல் நீளமாக எங்கள் மேல் விழுந்திருந்தது.

"அன்னிக்கு நீ எறங்கும்போது என்னால பாக்க முடியல. கண்ண மூடிக்கிட்டேன்" என்றார். பிறகு, "உனக்கு என்னதான் வேணும், சொல்லு" என்றார்.

"வேலைக்குப் போவணும்ப்பா. டெலிபோன் எக்சேஞ்சுல ஆளெடுக்கறாங்களாம், பேப்பர்ல போட்டிருந்துது."

"நான் இருக்கற வரைக்கும் உனக்கென்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்ல. போவணும்."

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தருமபுரியில் ஒரு படிக்கட்டு

நேர்முகத் தேர்வுக்கு அப்பாதான் கூட வந்தார். தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து குதிரை வண்டி வைத்துக்கொண்டு போனோம். ஆபீஸ், வாடகைக் கட்டடம் ஒன்றின் மாடியில். படிக்கட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். இடப்பக்கம் சுவர். வலப்பக்கம் ஒன்றுமே இல்லை.

அப்பாவும் அதைப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தூக்கத்தான் போகிறார் என்று நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

அவர் தூக்கவில்லை. திறந்த பக்கத்து ஓரத்தில், எனக்கு ஒரு படி மேலே ஏறி நின்றார். முழங்கையை விறைப்பாக மடக்கி, முன்கையை என் பக்கம் நீட்டினார்.

"புடி" என்றார்.

பிடித்தேன். நான் ஒரு படி ஏறினால் அவர் ஒரு படி ஏறுவார். கை அசையவே இல்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது அவருக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது.

உள்ளே இருந்த அதிகாரி சில ஊர்ப் பெயர்களை இங்கிலீஷிலும் தமிழிலும் படிக்கச் சொன்னார். குரல் தெளிவாக இருக்கிறது என்றார். "இந்தப் படி தினமும் ஏறணுமேம்மா?" என்றார். ஏறுவேன் என்றேன்.

வெளியே வந்தபோது அப்பாவைக் காணவில்லை. கீழே, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை முன்னால் நின்றிருந்தார். இறங்கும்போது சுவர் என் வலக்கைப் பக்கம் வந்தது. சுவரைத் தடவித் தடவி, நேராகவே பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நான் எங்கே நடந்தாலும் அப்பாவின் கண் என் காலில்தான் இருக்கும். பேசிக்கொண்டிருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், நான் எழுந்தால் அவர் தலை திரும்பும். கடைசிப் படியில் கால் வைத்து நிமிர்ந்தேன். அப்பா இரண்டு டீ சொல்லிவிட்டு, கடைக்காரரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம் இருந்தது.